சங்கு ஊதாத படகு

அந்தமானுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கடலுக்கு அடியில போய் மீன் பாப்பீங்களா மேடம்?" நான் மீன் பார்க்கப் போகவில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யப் போனேன். அந்தக் குடும்பத்தின் நான்காவது ஆள் செத்துவிட்டான். அதனால்தான் போனேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்தப் பயணம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. இதயத்தில் ஓடும் மின்சாரத்தை ஆராய்கிறவள் நான். அதிலும் இதயச் செல்லின் சுவரில் இருக்கும் ஒரே ஒரு வாசலை. பொட்டாசியம் வெளியேறும் வாசல் அது. மயிரைவிட மெல்லிய கண்ணாடி முனையைச் செல்லின் மேல் ஒட்டவைத்து, அந்த வாசல் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, எந்த மருந்து அதை அடைக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. தலை நரைக்கும் வரை அதையே செய்திருக்கிறேன். "இதனால மக்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று குழு போட்டுக் கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் மார்பில் கைவைத்தால் வலது பக்கம் வைப்பார்கள்.

இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அந்த வாசல் சரியாகத் திறக்காதவர்களுக்கு இந்தத் தயாராகும் நேரம் நீண்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடுவார்கள், சண்டை போடுவார்கள், கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள். என்றைக்காவது ஒரு நாள், நீண்டுபோன அந்த நேரத்துக்குள் தப்பான ஒரு துடிப்பு வந்து விழுந்தால், இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கம் தானாக நின்றால் அதற்குப் பெயர் மயக்கம். நிற்காவிட்டால் சாவு.

செத்துப்போன சதீஷ், அந்தமானில் ரங்கத் என்ற ஊர்க்காரன். வேலை தேடிச் சென்னைக்குக் கப்பலில் வந்தான். துறைமுகத்தை நெருங்கிச் சங்கு ஊதியபோது மேல்தளத்தில் விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது மூச்சு இருந்தது. மறுநாள் இல்லை. அதற்குள் ஒரு புத்திசாலி டாக்டர் ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். நான் ஆயுளைச் செலவழித்த அதே வாசலின் மரபணுவில் பிழை இருந்தது. அவன் தங்கையும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை படகில் மயங்கி விழுந்தாளாம். அதுவும் படகு கரையில் ஜெட்டி என்கிற துறைக்கு வந்து சங்கு ஊதியபோது.

இந்த வகைக் கோளாறில் திடீர்ச் சத்தம்தான் எமன். அலாரம் அடித்து எழுந்தவர்கள் செத்திருக்கிறார்கள். கப்பல் சங்கு என்றதும் எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. துடிப்பைப் பதிவு செய்யும் கருவியோடு சத்தத்தை அளக்கும் கருவியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போர்ட் பிளேயரில் இறங்கியதும் நம் ஊர் சித்திரை வெயிலை ஈரத்துணியில் சுற்றி முகத்தில் போட்டதுபோல் இருந்தது. ஊருக்குள்ளேயே ஷாதிபூரில் தங்க இடம். கீழே ஒரு சாப்பாட்டுக்கடை. தெலுங்குக்காரர் முதலாளி, வங்காளி சமையல், பரிமாறுகிறவர் மலையாளி, சாப்பிடுகிறவர்கள் தமிழர்கள், எல்லோரும் திட்டிக்கொண்டது இந்தியில். "வஞ்சிரம் இருக்கா?" என்றேன். "சுர்மை இருக்கு" என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பருப்புக் குழம்பைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பக்கத்து இலையில் இருந்தவர் சொன்னார், வஞ்சிரத்துக்கு இங்கே பெயரே சுர்மைதான் என்று. முதலில் சொல்லித் தொலைத்தால் என்ன?

வண்டி ஓட்ட வந்தவர் குமார். தாத்தா திருநெல்வேலிப் பக்கம், இவர் ஷாதிபூரிலேயே பிறந்தவர். மெயின்லேண்டை இரண்டு முறை பார்த்திருக்கிறார், இரண்டு முறையும் பிடிக்கவில்லை.

"மேடம் டாக்டரா?"

"இல்லை."

"அப்ப இந்த மெஷின்?"

"ஹார்ட்ல கரண்ட் எப்படி ஓடுதுன்னு பாக்குறது."

"அச்சா. அப்ப நீங்க லைன்மேன்."

கோபம் வந்தது. யோசித்தால், இத்தனை வருஷத்தில் என் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். பெரார்கஞ்ச் தாண்டியதும் வயலும் பாக்குத் தோப்பும். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறோமோ என்று தோன்றும், அடுத்த வளைவில் காடு வந்து மூஞ்சியில் அடிக்கும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்து பழங்குடிகளின் காடு. எல்லா வண்டியும் முன்னும் பின்னும் போலீஸ் வர, ஒன்றாகத்தான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

"கான்வாய் கேட் மூடிட்டா மினிஸ்டரே வந்தாலும் தொறக்க மாட்டான் மேடம்" என்றார் குமார்.

பக்கத்து வண்டியில் வந்த ஒரு சுற்றுலாப் பயணி தன் டிரைவரிடம் இந்தியில் கேட்டது காதில் விழுந்தது. "இன்னைக்கு அவங்க ரோட்டுக்கு வருவாங்களா? குழந்தைகளுக்குக் காட்டணும்."

நான் கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கேட்டேன். "உங்க வீட்டு ஜன்னல்ல நான் வந்து எட்டிப் பாக்கட்டுமா?"

"நீங்க யாரு?" என்றான்.

"உங்களப் பாக்க வந்த டூரிஸ்ட்."

குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியை ஏற்றினார். "மேடம், போதும். போலீஸ் பாக்குறான்."

காட்டின் நடுவே எங்கள் வண்டியின் பின்சக்கரத்தில் காற்று இறங்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. நிறுத்தப் பார்த்தோம். பின்னால் வந்த போலீஸ்காரர் ஜீப்பிலிருந்து கையை வீசி, போ போ என்று கத்தினார். போனோம். முதலில் ரப்பர் அடித்துக்கொண்டது, பிறகு இரும்பே ரோட்டில் கீறியது. சந்தேகமான ஒவ்வொரு வளைவிலும் குமார் முருகனைக் கூப்பிட்டார், பிறகு இந்தியில் எதையோ திட்டினார். காடு முடிந்து, வண்டிகளைப் படகில் ஏற்றும் துறைக்கு வந்து இறங்கிப் பார்த்தால் சக்கரம் வட்டமாகவே இல்லை. மாற்றுச் சக்கரம் போட்டோம், அதுவும் கிழடு. சக்கரத்தோடு அச்சும் வளைந்திருக்கிறது என்பது மெக்கானிக் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நடந்து போகிற வேகத்தில் ஊர்ந்து ரங்கத் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வண்டி பட்டறைக்குப் போய்விட்டது.

ரங்கத் பஜாரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரங்கத் பே ஜெட்டியின் வாசலிலேயே கருப்பையாவின் கடை. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், வாழைப்பழம், சார்ஜர், செருப்பு. கடைக்குப் பின்னால் வீடு. கருப்பையா ராமநாதபுரத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டரிடம் கூலியாக வந்தவர். வாய் ராமநாதபுரம், நடுநடுவே இந்தி.

"வாங்க வாங்க. வழியில தக்லீஃப், கஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

"இருந்துச்சு" என்றேன்.

அவர் மனைவி பாக்கியம் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். "என் பிள்ளைய கடைசியா பாத்த டாக்டரம்மாவா?"

"நான் டாக்டர் இல்லைங்க. உங்க பையன நான் பாக்கல. அவன் ரத்தத்தத்தான் பாத்தேன்."

இதைவிட மென்மையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

மகள் வினோதினி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேயரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாளைக்கு மறுநாள் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு பெட்டியைச் சுற்றித்தான் வீடே நடந்துகொண்டிருந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டும்போது அவள் கேட்டாள், "ஷாக் அடிக்குமா மேடம்?"

"அடிக்காது. உன் உடம்புல இருக்கிற கரண்ட நான் வாங்குறேன். குடுக்கல."

"மத்லப், அப்படின்னா கரண்ட் திருட்டு."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. திரையில் அவள் துடிப்பு ஓடியது. முடிய வேண்டிய இடத்தில் அலை முடியவில்லை. இழுத்துக்கொண்டே போனது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் இதயம், அடுத்த துடிப்புக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பாக்கியத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது. கருப்பையாவுக்கும் நீளம். பிழை அவர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

"எனக்கு ஒரு தடவகூட மயக்கம் வந்ததில்லையே மேடம்."

"போட்ல போவீங்களா?"

"கடைய விட்டு எங்க போறது? வந்ததுக்கப்புறம் நான் கடலத் தாண்டினதே இல்ல."

பதிவைப் படம் எடுத்துச் சென்னையில் இருக்கும் இதய மருத்துவருக்கு அனுப்பினேன். போன் திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றிப் படம் போவதற்குள் சாப்பாடே முடிந்துவிட்டது. தேங்காய் அரைத்த சுர்மை குழம்பு. இந்த முறை ஏமாறவில்லை, இரண்டு துண்டு சாப்பிட்டேன். பதில் வந்தது: போர்ட் பிளேயரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரை ஆரம்பிக்கலாம், அதுவரை திடீர்ச் சத்தம், பயம், ஓட்டம் எதுவும் வேண்டாம். கூட நீங்களே இருங்கள்.

குமாரின் வண்டியில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வண்டி பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பஸ்ஸில் இடம் இல்லை. மிச்சம் இருந்தது, ஹேவ்லாக் தீவு வழியாகப் போர்ட் பிளேயர் போகும் காலைப் படகு.

"சங்கு ஊதும்போது காதுல பஞ்சு வச்சுக்கணும். கீழ்த்தளத்துல, எஞ்சின் பக்கமே போகாம உக்காரணும்" என்றேன். வினோதினி தலையாட்டினாள். பாக்கியம் உடனே பஞ்சு எடுத்துப் பையில் வைத்தார். பத்துப் பேருக்குப் போதுமான பஞ்சு.

காலையில் படகு கிளம்பும்போது நான் மேல்தளத்தில், சங்குக் குழாய்க்கு நேர் கீழே, அளக்கும் கருவியோடு நின்றேன். ஊதியது. என் பல் ஆடியது. கருவியின் முள் நான் எதிர்பார்த்த இடத்தையும் தாண்டியது. ஓடிப்போய்க் கீழே பார்த்தேன். வினோதினி காதில் பஞ்சோடு, துணைக்கு வந்த பாக்கியத்தின் பக்கத்தில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சு வேலை செய்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டேன். எனக்கு ஒரே திருப்தி.

திரும்ப மேலே வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கருப்பையாவின் வீடு ஜெட்டி வாசலில் இருக்கிறது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து இந்தச் சங்கைக் கேட்டு வளர்ந்தவள். தூங்கும்போது, சாப்பிடும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது. சங்குதான் காரணம் என்றால் இவள் என்றைக்கோ செத்திருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வரும் வரை என் மண்டையில் ஏறவில்லை.

கரை மறைந்ததும் கடல் எழும்ப ஆரம்பித்தது. என் வயிறும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். "சாப்பிடுங்க தீதி. இல்லன்னா ஹேவ்லாக் போறதுக்குள்ள குடல் வெளியே வந்துடும்" என்று இந்தியில் சொல்லி ஒரு மாத்திரையை அட்டையோடு நீட்டினார். அதே அம்மாள் முன் வரிசையில் ஒரு கிழவருக்கும், கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கும் ஏற்கெனவே கொடுத்திருந்தார். எதிர் வரிசையில் ஒருவர் தன் மாத்திரை அட்டையைக் கிழித்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். நம் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுப்பதுபோல இங்கே இது மரியாதை. படகு ஏறினால் மாத்திரை போடுவார்கள், பக்கத்து ஆளுக்கும் கொடுப்பார்கள். "உல்ட்டி கோலி" என்பார்கள். வாந்தி மாத்திரை.

பழக்கத்தில் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன்.

ஒண்டான்செட்ரான்.

என் ஆய்வகத்தில் இந்த மருந்தை நான் எத்தனை முறை அந்தக் கண்ணாடி முனைக்குக் கீழே விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாசல் அடைபடுவது எப்படி இருக்கும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டுவதற்கே நாங்கள் இதைத்தான் வைத்திருந்தோம். நல்ல மருந்து. சாதாரண இதயத்துக்கு ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது. பாதி வாசல் ஏற்கெனவே மூடியிருக்கும் இதயத்துக்கு? மீதியையும் இது அடைத்துவிட்டால், அதுவரை பழகிப்போன சங்கே எமனாகிவிடும்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. முழங்காலில் தோல் போயிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

"வாந்தி மாத்திரை போட்டாளா?"

"போட்டாச்சு டாக்டரம்மா" என்றார் பாக்கியம். "ரெண்டு. போட் ஏறுறதுக்கு முன்னாடியே போட்டாத்தான் கேக்கும். நம்ம கடை மாத்திரைதான், எக்ஸ்பயரி எல்லாம் பாத்துத்தான் அவரு குடுத்தாரு."

"ஸ்கூல் படிக்கும்போது மயங்கினாளே, அப்ப?"

"அப்பவும் போட்டுத்தான் ஏத்துவோம். இவளுக்குக் கடல் ஒத்துக்காது. சதீஷுக்கும் அப்படித்தான். மெயின்லேண்ட் போக நாலு நாளாகுமேன்னு அவங்கப்பா முழு அட்டையையே குடுத்து அனுப்..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

வினோதினி பஞ்சை எடுத்தாள். "என்ன மேடம்? உங்களுக்கும் உல்ட்டியா?"

நான்கு பெண்கள் புடவை முந்தானையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். தரையில் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டினேன். நேற்று இழுத்துக்கொண்டிருந்த அலை இன்றைக்கு அடுத்த துடிப்பின் மேலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. நடுநடுவே ஒரு தப்பான துடிப்பு. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வாசலில் நின்று கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல. மாத்திரை இன்னும் முழுதாக ரத்தத்தில் ஏறவில்லை. ஏறும்.

"யாராவது வாழைப்பழம் வச்சிருக்கீங்களா? எளநி?" பொட்டாசியம். ரத்தத்தில் அது கூடினால் வாசல் கொஞ்சமாவது திறக்கும், படகில் கிடைக்கிற மருந்து அதுதான். ஒருவர் சீப்பையே கொடுத்தார்.

படகை ஓட்டுகிற கேப்டனின் அறைக்கு ஏறினேன். நரைத்த மலையாளி. இந்தியில் பேசினார்.

"திருப்பி ரங்கத் போக முடியாது. பாதிக்கு மேல் வந்தாச்சு. ஹேவ்லாக்தான் பக்கம்."

"அப்ப ஹேவ்லாக்கில ரேடியோவில சொல்லுங்க. ஜெட்டிக்கு டாக்டர் வரணும். மக்னீசியம் ஊசியோட."

"நீங்க டாக்டரா?"

"இல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் ரேடியோவை எடுத்தார். நான் அடுத்ததைக் கேட்டேன். "ஜெட்டிக்குள்ள போகும்போது சங்கு ஊதக் கூடாது."

இதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "ஊதாம உள்ளே போனா, குறுக்கே மீன்பிடி டிங்கிப் படகு வந்தா யார் பதில் சொல்றது? நீங்களா? என் வேலை போகும்."

"ஊதினா அந்தப் பொண்ணு போவா."

"சத்தத்துக்கு யாராவது சாவாங்களா?"

"சாவாங்க. அதத்தான் நான் வாழ்க்கை பூரா படிச்சிருக்கேன். சார், நான் டாக்டர் இல்லை. ஊசி போட எனக்குத் தெரியாது, மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனா இந்த ஒரு விஷயத்தில என்னைவிடத் தெரிஞ்ச ஆள் இந்தக் கடல்ல இன்னைக்கு இல்லை."

பெருமையாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன். அவர் பணியாள் ஒருவரைக் கூப்பிட்டு, சிவப்புக்கொடியோடு முன்னால் போய் நிற்கச் சொன்னார். ஜெட்டியில் இருப்பவர்களிடம் ரேடியோவில் டிங்கிகளை விலக்கச் சொன்னார். வேகத்தைக் குறைத்தார்.

கீழே வந்து உட்கார்ந்தேன். எல்லாரையும் மெதுவாகப் பேசச் சொன்னேன். எஞ்சினைத் தவிர வேறு சத்தம் இல்லை. கீழே இருந்த இன்னொரு கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள், யாரும் சொல்லாமலே. வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "மேடம், நாளைக்கு ஜாயினிங் பண்ணலாம்ல?"

"பேசாத. பழத்தைத் தின்னு."

"நாலு தின்னாச்சு. இதுக்கு மேல தின்னா உல்ட்டிதான் வரும்."

ஜன்னலில் ஹேவ்லாக்கின் தென்னைகள் தெரிந்தன. சங்கு ஊதவில்லை. முன்னால் கொடியோடு நின்றவர் கைகளை ஆட்டி ஆட்டி ஒரு டிங்கியை விரட்டியதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது படகு சிக்னல் எல்லைக்குள் நுழைந்தது.

ரங்கத்தை விட்டதிலிருந்து செத்துக்கிடந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. டிங், டாங், சாமி பாட்டு, குத்துப் பாட்டு, குழந்தை சிரிப்பு. வினோதினியின் தலைக்குப் பக்கத்தில் இருந்த பைக்குள்ளிருந்தே ஒரு போன் அலறியது. சங்கைப் பற்றி மட்டும் நினைத்தேன். போனை நினைக்கவில்லை.

அவள் பிடி தளர்ந்தது. திரையில் கோடு முறுக்கிய கயிறு போல ஆனது. மேலே, கீழே, மேலே, கீழே. அந்தப் படத்தை ஆயிரம் முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அழகான படம் என்றுகூட ஒருமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். கை வைத்து மார்பை அழுத்த ஆரம்பித்தேன். பாக்கியம் அலறினார். "யாரும் கத்தாதீங்க!" என்று எல்லாரையும்விட நான்தான் அதிகமாகக் கத்தினேன். அழுத்தினேன். என் பின்னாலேயே கீழே வந்திருந்த வங்காளி அம்மாள் எண்ணிக்கொண்டிருந்தார், வங்காளத்தில். கயிறு அவிழ்ந்தது. ஒரு வெறுமை. பிறகு ஒரு துடிப்பு. சுமாரான, அசிங்கமான, நீளமான ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று.

"மார்ல வலிக்குது" என்றாள் கண்ணைத் திறந்து.

"வலிக்கட்டும்" என்றேன்.

ஜெட்டியில் ஓர் இளம் டாக்டர் நின்றிருந்தார், மருந்துப்பெட்டியோடு. நெல்லூர்க்காரர் என்று பின்னால் தெரிந்தது. நான் என்ன நடந்தது என்று சொன்னதும், "நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"டாக்டர் இல்லை. வாசல் அடைச்சிருக்கு, அலை இவ்வளவு நீளம், படம் இதோ."

படத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. ஊசியைப் போட்டார். ஹேவ்லாக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மதியத்துக்குள் அலை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. போர்ட் பிளேயருக்கு ஆம்புலன்ஸ் படகு சாயங்காலம் வரும் என்றார்கள். வெளியே வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போனார்கள். எதிர்க்கடையில் யாரோ ஆம்லெட் போட்டார்கள். பசித்தது. இரண்டு ஆம்லெட் தின்றேன். அந்தமானில் நான் சாப்பிட்டதில் அதுதான் நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது பாக்கியம் வராந்தாவில் கையில் போனோடு நின்றார். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கருப்பையா.

"நீங்க பேசுங்க" என்றார் பாக்கியம். முதல் முறையாக டாக்டரம்மா என்று சொல்லவில்லை. "வினோதினி நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மத்தது வேணாம். சதீஷுக்கு அந்த அட்டைய எடுத்துக் குடுத்தது அவரு. நானாவது அழுவேன். அந்த மனுஷன் அழவும் மாட்டாரு."

போனை எடுத்தேன். பின்னணியில் ஜெட்டி இரைச்சல். மதியப் படகுக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கிறது போல.

"மேடம், பாப்பா?"

"நல்லா இருக்கா. ஊசி போட்டாச்சு. பேசுறா."

மூச்சு விட்டார். "சங்குதானா மேடம்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாக்கியம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஆளுக்கும் அதே இதயம். நாளைக்கே அவர் மகளைப் பார்க்கப் படகு ஏறுவார். ஏறினால் என்ன செய்வார்?

"இல்ல. வாந்தி மாத்திரை. உங்க ஹார்ட்டுக்கும் பாப்பா ஹார்ட்டுக்கும் அது ஆகாது. நீங்க ஒருநாளும் போடக் கூடாது."

 

"அப்ப சதீஷு?"

"அதனாலதான் இருக்கணும்."

பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேடம்." குரல் மாறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "தினமும் குடுக்கிறேனே மேடம். இங்கருந்து போட் ஏறுற அத்தனை பேரும் என்கிட்டத்தான் வாங்குறாங்க. எத்தனை பேரு..."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க வீட்டுக்கு மட்டும்தான்."

எனக்குத் தெரிந்த உண்மை அது. ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று புரிந்தது.

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ கடைக்கு வந்தார்கள். இந்தியில் ஓர் ஆண் குரல், அவசரமாக. அண்ணே, உல்ட்டி கோலி இருக்கா, ரெண்டு குடு, போட் கிளம்பப் போகுது.

கருப்பையா ஏதோ டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றார். "இந்தக் கடையில கிடையாது."

அந்த ஆள் ஏதோ திட்டிவிட்டுப் போனான். கொடுத்திருக்கலாம். அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.